பன்னிரண்டில் ஒன்று குறைவு

கடலுக்கு அந்தப் பக்கம், எண்ணூறு மைல் தள்ளி, ஒரு மலை இருமியது. அதற்கு இந்த ஊர் விமான நிலையத்தில் ஐந்து நாள் வேலை நின்றது. எரிமலைச் சாம்பலுக்குச் சுங்கச் சோதனையும் கிடையாது, கடவுச்சீட்டும் கிடையாது. காற்று எந்தப் பக்கம் கூட்டிப் போகிறதோ அந்தப் பக்கம் வந்துவிடும். முதல் நாள் காலையில், வெளியே நிறுத்தியிருந்த கார்களின் மேல் சலித்த மாவு மாதிரி ஒரு படலம் படிந்திருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் மாவில்லை, கண்ணாடித்தூள் என்று தெரியும். எஞ்சினுக்குள் போனால் உருகி ஒட்டிக்கொண்டு எஞ்சினையே நிறுத்திவிடும். ஆகவே ஒன்பது விமானங்கள் சிறகை விரித்தபடியே தரையில் உட்கார்ந்திருந்தன.

ஒன்பதையும் மூடி வைக்கும் வேலை பராமரிப்புப் பிரிவின் தலையில் விழுந்தது. அங்கே இருபத்து மூன்று வருடமாக மெக்கானிக்காக இருக்கும் ஒருவரை எல்லோரும் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிற ஆள். சில நாட்களில் இரண்டு தடவை. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது.

வீட்டில் சந்தேகப் பிராணி என்று திட்டு வாங்குகிற மனிதருக்கு வேலையிடத்தில் அதே குணத்துக்காக நல்ல பெயர். ஒரு திருகாணியை மற்றவர்கள் ஒரு முறை பார்த்தால் அவர் இரண்டு முறை பார்ப்பார். யானைக்கும் அடி சறுக்கும் என்பதுபோல, இரண்டு வருடத்துக்கு முன்னால் மட்டும் ஒரு சறுக்கல். கருவிப் பெட்டியில் ஒரு ஸ்குரூடிரைவர் குறைகிறது என்று புறப்படத் தயாராக இருந்த விமானத்தை நிறுத்தினார். இரண்டு மணி நேரம் பத்துப் பேர் டார்ச் விளக்கோடு தேடினார்கள். கடைசியில் ஸ்குரூடிரைவர் அவருடைய பேண்ட்டின் பின்பையில் இருந்தது. மேற்பார்வையாளர் கடிதம் கொடுத்தார். இனி ஒரு முறை உங்கள் சொந்தக் கவனக்குறைவால் விமானம் நின்றால் உள்ளே வரும் அனுமதி அட்டை பறிக்கப்படும் என்று அதில் இருந்தது. அந்த அட்டை இல்லாத விமான மெக்கானிக் தண்ணீர் இல்லாத மீன்.

இப்போது மூடுகிற வேலைக்கு வருவோம். விமானத்தின் மூக்குக்குக் கொஞ்சம் பின்னால், பக்கவாட்டில், குண்டூசித் தலை அளவுக்குச் சில துளைகள் உண்டு. வெளிக்காற்றின் அழுத்தத்தை அவை உணர்ந்து சொன்னால்தான், எவ்வளவு உயரத்தில் போகிறோம், எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பது விமானிக்குத் தெரியும். அவற்றை மூடச் சிவப்பு நாடா தொங்கும் உறைகள் உண்டு. மூன்று விமானத்துக்குத்தான் இருந்தன. மற்ற ஆறுக்கும் டேப் ஒட்டச் சொல்லி உத்தரவு வந்தது. சிவப்பு டேப் நாலு விமானத்தோடு தீர்ந்துபோக, கடைசி இரண்டுக்கும் வெள்ளி நிற டேப்பைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. வெள்ளி நிற விமானத்தில் வெள்ளி நிற டேப். நாலடி தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது.

பூட்டுக்கு அது பிடிக்கவில்லை. அதனால் தனக்கென ஒரு முறை வைத்துக்கொண்டார். ஒரு விமானத்துக்குச் சாண் நீளத்தில் பன்னிரண்டு துண்டு. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் ஒன்று, இரண்டு என்று எண். பராமரிப்புக் கொட்டகைச் சுவரில் ஒரு பலகை, அதிலும் அதே எண்கள். உரித்த துண்டுகளைப் பலகையில் அதனதன் எண்ணுக்கு நேரே ஒட்டி, பன்னிரண்டும் நிறைந்த பிறகுதான் கையெழுத்து.

"ஏன்யா, கல்யாண வீட்டுல செருப்புக்கு டோக்கன் போடுற மாதிரி இருக்கு," என்றார் அவருடைய கூட்டாளி மெக்கானிக். எதற்கெடுத்தாலும் 'சரி சரி' என்பதால் அவருக்குச் சரிசரி என்றே பெயர். பூட்டின் வேலையைச் சரிபார்த்து இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். அவர் பார்ப்பதே இல்லை. பூட்டு பார்த்ததை இன்னொருத்தன் பார்ப்பது பூட்டுக்கே அவமானம் என்பது அவருடைய கட்சி.

பூட்டின் வீட்டில், பின்னறையில், இதே ஐந்து நாளாக ஒரு பெட்டி கட்டி முடித்தபடி நின்றது. அவருடைய தங்கச்சியின் பெட்டி. கணவனைப் பிரிந்து வந்து பதினோரு வருடமாக அந்த அறையில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக் கூடத்து நர்ஸ். நாலு வருடம் படித்துப் படித்துப் பரீட்சை எழுதி, வெளிநாட்டில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இடம் வாங்கியிருந்தாள். அந்த வேலைக்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. சேர வேண்டிய தேதி சாம்பலுக்காக ஒரு முறை தள்ளி வைக்கப்பட்டு, இப்போது வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி என்று நின்றது. அதற்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் இடம் பட்டியலில் அடுத்தவருக்கு.

அங்கே அவளுக்கு ஓர் அறை தருகிறார்கள். அதற்கு ஒரு சாவி. அண்ணன் வீட்டில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. அண்ணி கோபக்காரி என்றாலும் நல்லவள். ஆனாலும் நாற்பத்தோரு வயதில் சொந்தமாக ஒரு சாவி வேண்டும் என்று ஒருத்தி ஆசைப்பட்டால் அதில் என்ன தப்பு?

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் முதல் தடவை பரீட்சைக்குக் கிளம்பியபோது, கேஸை அணைத்தோமா என்று பார்க்க அண்ணன் பாதி வழியில் திரும்பினார். ரயில் போய்விட்டது. ஒரு வருடமும் அதோடு போனது. கேஸ் அணைந்துதான் இருந்தது. அதனால் இந்த முறை அவள் அவரிடம் வாக்கு வாங்கியிருந்தாள்.

"அண்ணே, நான் கிளம்புற அன்னிக்கு எதையும் திரும்பிப் போய்ப் பார்க்க மாட்டேன்னு சொல்லு."

"பார்க்க மாட்டேன்."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

"அட, பார்க்க மாட்டேன்னு சொல்றேன்ல!"

வியாழக்கிழமை காலை காற்று திசை மாறியது. எட்டிலிருந்து பதினொன்று வரை வானம் திறந்திருக்கும், மூன்று விமானம் போகலாம் என்று செய்தி வந்தது. மூன்றாவது விமானம் தங்கச்சி போக வேண்டியது; வெள்ளி நிற டேப் ஒட்டிய இரண்டில் ஒன்று. அதை அவிழ்க்கும் பொறுப்பு பூட்டுக்கு.

ஏழு மணிக்கு ஏணியில் ஏறினார். உரித்த துண்டைத் தொடைமேல், பேண்ட்டில், ஒட்டிக்கொண்டே போவது அவர் வழக்கம். ஒன்பது துண்டு உரித்திருந்தபோது போன் அடித்தது.

"அண்ணே, பொட்டியோட கொக்கி உடைஞ்சு போச்சு. வாய் பொளந்துக்கிட்டு நிக்குது. இப்படியே போட்டா வாங்க மாட்டேங்கிறாங்க. உள்ளே ஒரே வரிசையா இருக்கு, நான் என்ன பண்ணுவேன்?"

வேலையின் நடுவே இடத்தை விட்டு நகரக் கூடாது. இருபத்து மூன்று வருடத்தில் அவர் நகர்ந்ததில்லை. ஆனால் ஐந்து நாள் அடைபட்டுக் கிடந்த ஜனம் மொத்தமும் அன்று காலை வாசலில் நெரித்துக்கொண்டு நின்றது. நடுவில் தங்கச்சி பிளந்த பெட்டியோடு நிற்கிறாள். ஐந்தே நிமிடம் என்று ஓடினார். பெட்டியின் மேல் முழங்காலை வைத்து அழுத்தி, கொக்கி இருந்த இடத்தை டேப்பால் இறுக்கி ஒட்டிக் கொடுத்தார். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவருக்கு அதைப் பார்க்க நேரமில்லை.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."

"பண்றேன். நீ சொன்னது ஞாபகம் இருக்கட்டும். திரும்பிப் பார்க்காத."

ஓடி வந்து மிச்சம் மூன்றையும் உரித்தார். அதற்குள் மேற்பார்வையாளர் தாளும் பேனாவுமாக ஏணியடியில் நின்றிருந்தார். முதல் விமானம் கிளம்பிவிட்டது, இரண்டாவது நகர்கிறது, ஒரு நிமிடம் தவறினால் புறப்படும் முறை போய்விடும். முதலில் கையெழுத்தைப் போடுங்கள், பலகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பூட்டு போட்டார். சரிசரியும் அவருக்குக் கீழே போட்டார். விமானம் பின்னோக்கி நகர்ந்தது.

பலகைக்கு வந்து ஒட்ட ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. தொடையில் துண்டு தீர்ந்தபோது பலகையில் ஏழுக்கு நேரே வெறும் மரம் தெரிந்தது. மறுபடி எண்ணினார். பதினொன்று. பேண்ட்டைத் தட்டிப் பார்த்தார், பின்பையைத் துழாவினார், சட்டையைக் கழற்றி உதறினார். பதினொன்று.

ஏழாவது, இடது பக்கத்துத் துளை. ஆறாவதை உரித்தது நினைவில் இருக்கிறது. நகம் மடங்கி வலித்தது. எட்டாவதும் இருக்கிறது; பசை கொஞ்சம் தங்கியதால் துணியால் துடைத்தார். ஏழு மட்டும் கண்ணுக்குள் வர மறுத்தது.

"எடுத்திருப்பய்யா, சரி சரி, வா," என்றார் சரிசரி.

"நீ பார்த்தியா?"

"நீ பார்த்தா நான் பார்த்த மாதிரிதானே?"

விமானம் முந்நூறு கஜம் தள்ளி, எஞ்சின் உறுமியபடி, ஓடுபாதைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இங்கிருந்து டேப் தெரிய வாய்ப்பே இல்லை. பூட்டு தன்னைத்தானே நன்றாக அறிந்தவர். வாழ்க்கையில் ஆயிரம் தடவை திரும்பிப் போயிருக்கிறார். ஆயிரம் தடவையும் பூட்டு பூட்டியேதான் இருந்தது. அவருடைய சந்தேகம் ஒரு நாளும் உண்மை பேசியதில்லை. இன்று மட்டும் பேசுமா? நிறுத்தினால் தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கு போகும், அவள் நாலு வருடம் படித்தது போகும், துண்டு மறுபடியும் தன்னிடமே இருந்துவிட்டால் வேலையும் போகும். நிறுத்தாவிட்டால், ஒருவேளை, நூற்று எண்பது பேர். அதில் ஒருத்தி தங்கச்சி.

கணக்குப் போட்டெல்லாம் அவர் முடிவெடுக்கவில்லை. கை தானாகவே வாக்கிடாக்கியை எடுத்தது.

"மூணாவது விமானத்தை நிறுத்துங்க. ஒரு டேப் குறையுது."

விமானம் திரும்பி வந்தது. ஏணியை வைத்து முதல் ஆளாக ஏறினார். துளை சுத்தமாக இருந்தது; அம்மா கழுவிவிட்ட குழந்தை முகம் மாதிரி பளபளவென்று. அதோடு முடிந்திருந்தால் பத்து நிமிடக் கதை. ஆனால் துளையில் இல்லாத துண்டு எங்கேயாவது இருந்தாக வேண்டுமே? எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டிருந்தால்? கணக்கில் வராத பொருள் கிடைக்கும் வரை, அல்லது உள்ளே இல்லை என்று உறுதியாகும் வரை, விமானம் நகரக் கூடாது. அதுதான் விதி. இரண்டு எஞ்சினையும் நிறுத்தி, ஆறவிட்டு, உள்ளேயிருக்கும் விசிறியை இதழ் இதழாக டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. ஒன்றும் இல்லை. மறுபடி முறை கேட்டுக் காத்திருந்தபோது காற்று திரும்பியது. பதினொன்றுக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே வானத்தைச் சாத்திவிட்டார்கள். மறுபடி திறக்க நாலு நாள் ஆகும் என்றார்கள். முன்னால் போன இரண்டு விமானமும் சமர்த்தாகப் போய் இறங்கின.

மேற்பார்வையாளர் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை.

"குறைஞ்சா நிறுத்தணும். நிறுத்தினது தப்பில்ல," என்றார். "துண்டு காத்துல பறந்திருக்கும்னு எழுதிடறேன். ஆனா ஒண்ணு. போன தடவை மாதிரி அது உங்க பையிலேர்ந்தோ பெட்டியிலேர்ந்தோ வந்துச்சுன்னு வைங்க, அப்புறம் என்கிட்ட பேச ஒண்ணும் இருக்காது. கடுதாசி ஞாபகம் இருக்குல்ல?"

பலகையில் ஏழுக்கு நேரே மேற்பார்வையாளரே 'கிடைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மதியம் பூட்டும் தங்கச்சியும் ஒரே டாக்சியில் வீடு திரும்பினார்கள். மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் கிடையாது. அவள் முன்னால் ஏற, அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கை மாற்றுவதற்காகப் பெட்டியைக் கீழே வைத்தார். உடைந்த கொக்கியின் மேல் வெள்ளி நிற டேப் இருந்தது. அதன் ஓரத்தில், அவருடைய கையெழுத்தில், ஏழு.

காலையில் அவசரத்தில் தொடையிலிருந்து ஒன்றை உரித்து ஒட்டியிருக்கிறார். டேப் சுருளே அன்று அவர் கையில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஊரெல்லாம் தேடிய துண்டைத் தானே ஒட்டி, தானே வழியனுப்பி, தானே விமானத்தையும் நிறுத்தியிருக்கிறார்.

"என்னண்ணே?" என்றாள் மேலேயிருந்து.

"ஒண்ணுமில்ல. கனமா இருக்கு."

அவள் திரும்பியதும் டேப்பை உரித்துச் சட்டைப் பையில் போட்டார். வாழ்நாளில் எதையும் ஒளித்தறியாதவர் அவர். பிறகு அதைத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், துடைக்கும் துணிக்கு அடியில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி ஒரு சத்தமும் இல்லாமல் கடந்துபோனது. சனிக்கிழமை மதியம் கடிதம் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது. வயது வரம்பைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. தங்கச்சி அதை ஒரு முறை படித்துவிட்டு, பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். அண்ணிதான் அழுதாள். அழுதுகொண்டே புருஷனைத் திட்டினாள்.

"உங்க சந்தேகத்துக்கு எத்தனை பேரைத்தான் பலி குடுப்பீங்க?"

தங்கச்சி அண்ணனைத் திட்டவே இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. கோபத்தில்தான் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்தார். இரவெல்லாம் கண்ணாடிக் கூடு தலைமாட்டில் இருந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் தூக்கம் போகும் என்று புரண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி கடைக்குப் போயிருந்தாள். தங்கச்சி பால்கனிக் கம்பியில் படிந்திருந்த சாம்பலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"பொட்டியில ஒட்டியிருந்த டேப் எங்கண்ணே?"

அவர் கம்பியில் மிச்சமிருந்த சாம்பலை விரலால் வழித்தார்.

"ஏழுன்னு எழுதியிருந்துச்சே, அது."

"உனக்கு... எப்பத் தெரியும்?"

"வரிசையில நிக்கும்போதே பார்த்தேன். ஏதோ நம்பர்னு நினைச்சேன். அப்புறம் விமானம் நின்னுச்சு. விமானி மைக்குல சொன்னாரு, வெளியில ஒட்டியிருந்த டேப்புல ஒரு துண்டு குறையுது, தேடிட்டு இருக்காங்கன்னு." துணியைப் பிழிந்தாள். கறுப்புத் தண்ணீர் சொட்டியது. "உடனே புரிஞ்சுபோச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!" என்றார். "பொட்டியில இருக்குன்னு ஒரு வார்த்தை! பத்து நிமிஷத்துல இறக்கிப் பார்த்திருப்பாங்க. நீ போயிருப்பே."

"பார்த்திருப்பாங்க. பொட்டி யாரோடது, ஒட்டுனது யாரு, வேலைய விட்டுட்டு எப்ப வந்தாருன்னும் பார்த்திருப்பாங்க. உனக்கு வந்த கடுதாசியை நானும்தான் படிச்சிருக்கேன்."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லத்தாண்ணே பார்த்தேன். எழுந்திருக்கப் போனேன். சீட் பெல்ட்டைக்கூடக் கழட்டிட்டேன்." அவள் கம்பியின் அடுத்த பகுதிக்கு நகர்ந்தாள். "அப்புறம் திரும்ப மாட்டிக்கிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்திருந்தேன். நாலு தடவை கழட்டி நாலு தடவை மாட்டினேன். பக்கத்து சீட்டு அம்மா, பயமா இருக்கா கண்ணுன்னு கேட்டாங்க."

கீழே தெருவில் ஒரு கார் போனது. சாம்பல் எழும்பி அடங்கியது.

"நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்," என்றார் பூட்டு. "டேப்பைக் கொண்டுபோய்ப் பலகையில ஒட்டிடறேன். நடந்தது நடந்தபடியே. என்னால இதை வச்சுக்கிட்டு இருக்க முடியாது."

தங்கச்சி அப்போதுதான் முதல் முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று நாளாகக் காட்டாத கோபம் மொத்தமும் முகத்தில் வந்து நின்றது.

"போய்ச் சொல்லி, வேலைய விட்டுட்டு வந்து நில்லு. அப்ப நான் எதுக்குண்ணே பெல்ட்டை மாட்டினேன்?"

அவள் துணியை வாளியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை வானம் திறந்தது. பூட்டு வழக்கம்போல வேலைக்குப் போனார். தெருமுனை வரை போய்விட்டு, வழக்கம்போல, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார்.

கொட்டகையில் அந்தப் பலகையை இன்னும் கழற்றவில்லை. கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் அவர் நின்று எண்ணுகிறார். இன்னொரு முறையும் எண்ணுகிறார். சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு இருக்கிறது; கை அதன் மேல் போகிறது, திரும்பி வருகிறது. பதினொன்று இருக்கிறது.